கயிற்றின் மறுமுனை: நேபாளச் சுற்றுலாத் துறைக்கு ஒரு திறந்த மடல்

காட்மாண்டுவில் எவரெஸ்ட் பெர்மிட்டில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நமஸ்தே.

நான் மலையேறி இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூருக்குப் பக்கத்து ஊர்க்காரன். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் நாட்டுக்கு ஒரே ஒரு முறை, 2019 ஏப்ரலில் வந்திருக்கிறேன். லுக்லாவில் இறங்கி, நாள் கணக்கில் நடந்து, எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். மலையோடு எனக்கு உள்ள பழக்கம் அவ்வளவுதான். ஆனாலும் இந்த மடலை எழுத எனக்கு ஓர் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அது எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வழியாக வந்தது.

என் தாத்தாவுக்கு வயிற்றுப்புண். மரச்சீனி தின்று வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காலத்தில் அது நிறைய வரும். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் அவர் வயிற்றைக் கீறித் தைத்தவர் சோமர்வெல் டாக்டர். 'அந்த தொர எவரெஸ்டுக்குப் போனவரு' என்று தாத்தா தழும்பைத் தடவிக்கொண்டே சொல்வார். பெரியவர்கள் சொல்லும் கதைகளில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன். ஆசிரியரான பிறகு தேடிப் படித்தபோதுதான் அது அத்தனையும் உண்மை என்று தெரிந்தது.

1922 ஜூன் 7. அன்று உங்கள் நாடு வெளியாருக்குத் திறக்கவில்லை. பிரிட்டிஷ் குழு திபெத் பக்கத்திலிருந்து ஏறியது. வடக்குக் கணவாய்க்குப் போகும் சரிவில் புதுப்பனி கிடந்தது. மல்லோரி, சோமர்வெல், கிராஃபோர்டு மூவரும் 14 சுமைதூக்கிகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். சரிவு பிளந்து நகர்ந்தது. ஒன்பது சுமைதூக்கிகளை இழுத்துக்கொண்டு போய்ப் பனிப்பிளவில் தள்ளியது. இருவரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். ஏழு பேர் போய்விட்டார்கள். எவரெஸ்டின் மேல் பதிவான முதல் சாவுகள் அவைதாம். துரைமார் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். செத்தவர்கள் எல்லாரும் ஷெர்பாக்களும் போட்டியாக்களும் என்ற மலைநாட்டு மக்களாகவே இருக்கிறார்களே, எங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று சோமர்வெல் பின்னாளில் மனம் வெந்து எழுதினார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தபோதுதான் நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த கூட்டத்தைக் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு எங்கள் ஊரில் தங்கிவிட்டார்.

இடையில் 1924இல் மறுபடி மலைக்குப் போனார். இந்த முறை நான்கு சுமைதூக்கிகள் வடக்குக் கணவாய் முகாமில் பனியில் மாட்டிக்கொண்டார்கள். நார்ட்டன், மல்லோரி, சோமர்வெல் மூவரும் சிகர முயற்சியை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களை மீட்கக் கிளம்பினார்கள். மோசமான சரிவை சோமர்வெல் முதலில் கடந்தார். கயிறு சில கஜம் போதவில்லை. முதல் இருவர் எப்படியோ வந்து சேர்ந்தார்கள். பின்னால் வந்த இருவரும் சறுக்கி, நல்ல காலமாக நடுச்சரிவில் நின்றுவிட்டார்கள். சோமர்வெல் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியைக் குத்தி நிறுத்தி அதில் கயிற்றைச் சுற்றினார். நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை எட்டும் மட்டும் நீட்டி, பிடரியில் பிடித்து ஒவ்வொருவராக இழுத்தார். அந்தக் கைதான் என் தாத்தாவின் வயிற்றைத் தைத்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அது எசமான்களும் கூலிகளும் இருந்த காலம். ஆனால் கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறான் என்பது அன்று அந்த மூவருக்குத் தெரிந்திருந்தது. நூறு ஆண்டு கழித்து உங்கள் துறை நடத்தும் மலையேற்றத்தில் அந்த மறுமுனை ஆளுக்கு என்ன இடம் என்பதைத்தான் கேட்க வந்தேன்.

2019இல் பேஸ் கேம்ப் போகும் வழியில் பாங்போச்சே என்ற ஊரில் ஒரு டீஹவுஸில், அதாவது சிறு தங்கும் விடுதியில், இரண்டு இரவு தங்கினேன். அதை நடத்திய பெண்ணை எல்லாரும் தீதி, அதாவது அக்கா, என்றே கூப்பிட்டார்கள். எனக்கு மகள் வயது. அவள் கணவர் ஓர் ஏஜென்சியில் உயரச் சுமை தூக்குபவர். முதல் நாள் நள்ளிரவுக்குப் பின் எனக்கு மூச்சு முட்டி எழுந்து வெளியே வந்தபோது அடுப்படியில் நெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'இன்றைக்கு ஐஸ்ஃபால்' என்றாள். கும்பு பனியாறு செங்குத்தாக உடைந்து இறங்கும் இடம் அது. வெயில் பட்டால் இளகும், வீடு அளவுப் பனிப்பாறைகள் சொல்லாமல் சரியும். அதனால்தான் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். விடிந்து ஏழரைக்கு போன் வந்தது. மேலே சேர்ந்தாயிற்று. விளக்கை அணைத்துவிட்டு எனக்குக் கஞ்சி வைத்தாள். 'எத்தனை தடவை இப்படி?' என்று கேட்டேன். இந்தப் பருவத்துக்கு இது ஐந்தாவது, இன்னும் பாதிச் சுமை கீழேதான் கிடக்கிறது என்றாள். பையன் காட்மாண்டுவில் படிக்கிறானாம். மலைக்கு மட்டும் அவனை அனுப்ப மாட்டேன் என்றாள்.

ஒருவர் ஒரு முறை ஏறி இறங்குவதைத்தான் உலகம் எவரெஸ்ட் ஏறுவது என்கிறது. இப்போதெல்லாம் பணம் கட்டி வருகிறவர் லோபுச்சே கிழக்கு போன்ற சின்னச் சிகரத்தில் ஏறி உடம்பைப் பழக்கிக்கொண்டு, ஐஸ்ஃபாலுக்குள் போகும் தடவைகளைக் குறைத்துக்கொள்கிறார். ஆபத்தைக் குறைப்பது புத்திசாலித்தனம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவருடைய கூடாரம், படுக்கை, அடுப்பு, சாப்பாடு, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் ஐஸ்ஃபால் வழியாகத்தானே மேலே போக வேண்டும்? அவர் குறைத்துக்கொண்ட ஆபத்து எங்கும் போய்விடவில்லை. இன்னொருவர் முதுகுக்கு மாறியிருக்கிறது.

2014 ஏப்ரல் 18 உங்களுக்கு மறந்திருக்காது. எவரெஸ்டின் மேற்குத் தோளிலிருந்து சரிந்த பனி, சுமையோடு ஐஸ்ஃபாலில் நின்றவர்கள் மேல் விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் நேபாளத் தொழிலாளர்கள். மூவரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. இறுதிச் சடங்குக்கென்று உங்கள் அரசு முதலில் அறிவித்தது குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய், ஏறக்குறைய 400 டாலர். ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தப் பருவமே நின்றுபோனது. அதன் பிறகுதான் உயிர்க் காப்பீட்டின் குறைந்தபட்சத் தொகை 10 லட்சத்திலிருந்து 15 லட்சம் நேபாள ரூபாய் ஆயிற்று. அன்றைய மதிப்பில் சுமார் 15,000 டாலர். 2025 செப்டம்பரிலிருந்து நீங்கள் ஒரு வெளிநாட்டவரிடம் வாங்கும் வசந்தகால பெர்மிட் கட்டணமும் 15,000 டாலர். ஓர் உயிருக்கு வைத்த தொகையும் ஒரு சீட்டுக்கு வைத்த தொகையும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பிறகு வந்த திருத்தங்களும் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றிவிடவில்லை.

2023 ஏப்ரல் 12இல், பருவம் தொடங்கும்போதே, அதே ஐஸ்ஃபால் மூன்று ஷெர்பாக்களை விழுங்கியது. மேலே கயிறு கட்டுவதற்கான சாமான்களைச் சுமந்து போனவர்கள். வாடிக்கையாளர் ஒருவர்கூட அப்போது அந்த வழியில் கால் வைத்திருக்கவில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய பதிலும் எனக்குத் தெரியும். இந்த மலை நேபாளத்தின் சொத்து. இந்த வருமானத்தால்தான் கும்புப் பள்ளத்தாக்கில் பிள்ளைகள் படித்தார்கள், வீடுகள் எழுந்தன, பலர் ஏஜென்சி முதலாளிகள் ஆனார்கள். ஒரு பருவத்தில் நல்ல வழிகாட்டி சம்பாதிப்பதை உங்கள் நாட்டில் சாதாரணக் குடும்பம் பல ஆண்டு உழைத்தாலும் சம்பாதிக்க முடியாது. பணக்கார நாட்டவர் வந்து ஏறிவிட்டுப் போய், 'எவரெஸ்ட் கெட்டுவிட்டது' என்று அவர்களே எழுதுவது எரிச்சலாகத்தான் இருக்கும். எல்லாம் சரி. மலையை மூடச் சொல்லவில்லை. தீதியின் அடுப்பு அந்தக் கூலியில்தான் எரிகிறது.

அதனால்தான், ஏறுகிறவர்களின் நீதியைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதை ஒழுங்குபடுத்த வேண்டிய உங்களைப் பற்றியும் பேசுகிறேன். நான் ஊர் திரும்பிய அடுத்த மாதம், 2019 மே 22 அன்று எடுத்த அந்தப் படம் உலகமெங்கும் ஓடியது. சிகரத்துக்குக் கீழே கத்தி முனைபோன்ற விளிம்பில், ரேஷன் கடை வாசல்போல வரிசை. 8,000 மீட்டருக்கு மேலே நிற்பது என்றால் உடம்பு நிமிடத்துக்கு நிமிடம் தேய்வது என்று பொருள். காற்றில் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். மலையின் இரு பக்கமுமாக அந்தப் பருவத்தில் 11 பேர் இறந்தார்கள். நல்ல வானிலை சில நாளே கிடைத்ததால் நெரிசல் என்று உங்கள் தரப்பில் விளக்கம் வந்தது. அது பொய் இல்லை. ஆனால் வானிலை சில நாளே கிடைக்கும் என்பது ஒவ்வோர் ஆண்டும் தெரிந்த விஷயம். அந்த ஆண்டு 381 பெர்மிட் கொடுத்தீர்கள். 2023இல் 478. ஒவ்வொரு பெர்மிட்டுக்கும் பின்னால் குறைந்தது ஒரு ஷெர்பா அதே வரிசையில் நிற்கிறார் என்பதையும் சேர்த்தால் கூட்டம் எவ்வளவு என்று பாருங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு கட்டச் சொல்லி உங்கள் உச்ச நீதிமன்றமே 2024இல் சொல்லிவிட்டது. கட்டணத்தை ஏற்றினால் கூட்டம் குறையும் என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. 50,000 டாலரும் அதற்கு மேலும் செலவழிக்கத் துணிந்தவர் கட்டணத்தில் கூடிய 4,000 டாலருக்காகப் பின்வாங்க மாட்டார். பணம் மட்டும் உள்ளவரும் வருவார், மலை தெரிந்த ஏழை மலையேறி வராமல் போவார். அதுதான் நடக்கும்.

7,000 மீட்டர் உயரச் சிகரம் ஒன்றை நேபாளத்தில் ஏறியவருக்கே எவரெஸ்ட் பெர்மிட் என்ற சட்ட முன்வரைவை 2025இல் உங்கள் நாடாளுமன்றத்தின் மேலவையில் வைத்தீர்கள். மனதார வரவேற்கிறேன். அனுபவம் இல்லாதவர் மேலே தடுமாறும்போது செத்தாலும் பிழைத்தாலும் அவரைத் தாங்குவது பக்கத்தில் உள்ள ஷெர்பாதான். ஆனால் அந்த 7,000 மீட்டர் சான்றையும் மேசையில் உட்கார்ந்தபடி நம்பினால் பயனில்லை. 2016இல் எங்கள் நாட்டு இணையர் ஒருவர், வேறொருவரின் சிகரப் படத்தைத் தங்கள் படமாக மாற்றிக் காட்டி உங்கள் துறையிடமே சான்றிதழ் வாங்கினார்கள். பிறகுதான் அதை ரத்து செய்து 10 ஆண்டுத் தடை போட்டீர்கள். அந்த வெட்கத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. எவரெஸ்ட் சான்றிதழ் கையில் இருந்தால் மாலை, பரிசுத் தொகை, மேடை என்று எங்கள் பக்கத்தில் நாங்கள் ஏற்றிவைத்த ஆசைதான் அந்தக் கத்தரிக்கோலை எடுக்க வைத்தது. எங்கள் அரசுகளுக்கும் கொடையாளர்களுக்கும் இது குறித்துத் தனியே எழுதுவேன்.

நெரிசலில் இன்னொன்றும் கெட்டுப்போகிறது. 2006இல் சிகரத்துக்குக் கொஞ்சம் கீழே செத்துக்கொண்டிருந்த ஒரு பிரிட்டிஷ்காரரைக் கடந்து சுமார் நாற்பது பேர் போனார்கள் என்ற செய்தி வந்தபோது, முதலில் சிகரம் தொட்ட ஹிலாரியே கொதித்துப் பேசினார். 2023 ஜூலை 27இல், உங்கள் நாட்டில் இல்லை, பாகிஸ்தானில் கே2 மலையில், மூன்று பிள்ளைகளின் தகப்பனான ஒரு சுமைதூக்கி 'பாட்டில்நெக்' என்ற குறுகலில் விழுந்து கிடந்தார். சிகரத்துக்குப் போனவர்கள் அவரைத் தாண்டிப் போகும் காட்சியை டிரோன் படமெடுத்தது. அவ்வளவு உயரத்தில் யாராலும் யாரையும் காப்பாற்ற முடியாது என்று நியாயம் சொன்னவர்கள் உண்டு.

முடியும் என்று காட்டியவரும் உங்கள் நாட்டுக்காரர்தான். அதே 2023 மே மாதம், சிகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த கெல்ஜே ஷெர்பா, 8,000 மீட்டருக்கு மேலே குளிரில் விறைத்துக் கிடந்த ஒரு மலேசியரைக் கண்டார். கூட்டிப்போன சீன வாடிக்கையாளரிடம் பேசி, சிகரத்தை விட்டுவிட்டுத் திரும்பச் சம்மதிக்க வைத்தார். கிடந்தவரைப் படுக்கை விரிப்பில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, இன்னொரு ஷெர்பாவின் துணையோடு ஆறு மணி நேரம்போல் இறக்கிக் கொண்டுவந்தார். மடத்தில் போய்க் கும்பிடுவதைவிட ஓர் உயிரைக் காப்பது பெரிது என்றார். காப்பாற்றப்பட்டவர் தமிழ்ப் பெயர் கொண்டவர். 1924இல் நெய்யூர் டாக்டர் நீட்டிய கைக்கு 99 ஆண்டு கழித்து மறுமுனையிலிருந்து பதில் கை நீண்டதாகவே எனக்குப் பட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது கண் கலங்கிவிட்டேன்.

ஆனால் அன்று அந்தச் சீன வாடிக்கையாளர் மறுத்திருந்தால் கெல்ஜேயின் நிலை என்ன? சிகரம் தொட்டால்தான் போனஸ் என்பது அங்கே எழுதாத சட்டம். மீட்புக்காகத் திரும்புகிற வழிகாட்டிக்குச் சிகரம் தொட்ட அதே போனஸ் கிடைக்க வேண்டும், திரும்புமாறு சொல்லும் அதிகாரம் வாடிக்கையாளரிடம் இல்லாமல் வழிகாட்டியிடம் இருக்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதாத ஏஜென்சிக்கு பெர்மிட் தராதீர்கள். ஒவ்வொரு குழுவோடும் உங்கள் தொடர்பு அதிகாரி ஒருவர் பேஸ் கேம்ப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகக் குழுக்கள் பணமும் கட்டுகின்றன. பலர் அங்கே வருவதே இல்லை என்பது பருவந்தோறும் வரும் புகார். அவர்கள் வந்து உட்கார்ந்தால் இந்த ஒப்பந்தங்களைப் படிக்கவாவது ஆள் இருக்கும்.

குப்பையைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஏறியவர் ஆளுக்கு எட்டுக் கிலோ குப்பை இறக்க வேண்டும் என்று விதி போட்டீர்கள். 2024இல் உங்கள் ராணுவக் குழு 11 டன் குப்பையும் நான்கு உடல்களும் ஓர் எலும்புக்கூடும் இறக்கியது. மேலே போனதும் ஷெர்பாவின் முதுகில்தான், கீழே வந்ததில் பெரும்பகுதியும் ஷெர்பாவின் முதுகில்தான். சுத்தமான மலை என்று விளம்பரம் செய்யும்போது அது எத்தனை கூடுதல் ஐஸ்ஃபால் பயணங்களில் கிடைத்த சுத்தம் என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கு வழியும் உங்கள் கையிலேயே வந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் பேஸ் கேம்ப்புக்கும் முதல் முகாமுக்கும் இடையே டிரோனில் 15 கிலோ வரை சுமை ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு சுமைதூக்கி மணிக்கணக்கில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கும் தூரத்தை அது சில நிமிடத்தில் கடந்தது. ஏணியும் கயிறும் குப்பையும் அதில் போய் வரத் தொடங்கிவிட்டன. இதை ஓரிரு நிறுவனங்களின் முயற்சியாக விட்டுவிடாமல் பெர்மிட் பணத்தில் அரசே எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக ஏற்பாடு செய்யலாம். சுமைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களின் வருமானம் அதனால் குறையும். அந்தக் குறைவை ஈடு செய்யாமல் டிரோனைப் பறக்கவிட்டால் தீதியின் வீட்டில் பயம் போய்ப் பட்டினி வரும். பருவத்துக்கு இவ்வளவு என்று நிலையான சம்பளம் வைத்துவிட்டுச் சுமையை டிரோனுக்குக் கொடுங்கள்.

அதுவரை, ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு பருவத்தில் ஐஸ்ஃபாலை எத்தனை முறை கடந்தார் என்பதை ஏஜென்சிவாரியாக எழுதி வெளியிடுங்கள். சிகரம் தொட்டவர் எண்ணிக்கை உலகத்துக்கே தெரிகிறது. இந்த எண்ணும் தெரிந்தால், எந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டுவது என்று யோசிக்கும் நல்ல மலையேறிகள் அதையும் பார்ப்பார்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, பெர்மிட் கட்டணம் ஏறும்போதெல்லாம் அதன் பல மடங்காகத் தானே ஏறும்படி சட்டத்தில் கட்டிவிடுங்கள். செத்தவரின் பிள்ளைகள் படிப்பு முடியும்வரை செலவை அரசு ஏற்கட்டும்.

எண்ணிக்கை வரம்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஏறக் கூடாத மலை என்ற எண்ணம் உங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. கும்ஜுங் ஊருக்கு மேலே நிற்கும் கும்பிலாவை யாரும் ஏறுவதில்லை, அது ஊர்த்தெய்வம். மச்சபுச்ரே சிகரம் மூடியே கிடக்கிறது. எங்கள் சிக்கிம் பக்கத்திலிருந்து கஞ்சன்ஜங்கா ஏறுவதும் தடை. எவரெஸ்டில் ஏறும் முன் பேஸ் கேம்ப்பில் பூசை வைத்து மலையிடம் மன்னிப்பும் அனுமதியும் கேட்கிறார்கள். மலையிடமே இத்தனை பணிந்து கேட்பவர்களின் நாட்டில் அரசாங்க மேசையில் மட்டும் அனுமதி கணக்கில்லாமல் கிடைப்பது எனக்கு உறுத்துகிறது. கூட்டத்தைப் பிரிக்க வேறு மலை இல்லாமலும் இல்லை. 2025இல் கர்ணாலி, சுதூர்பஸ்சிம் மாகாணங்களில் 97 சிகரங்களுக்குக் கட்டணமே வேண்டாம் என்று அறிவித்தீர்களே, அது நல்ல தொடக்கம்.

பேஸ் கேம்ப் போகும் வழியில் துக்லா கணவாயில், மலையில் இறந்தவர்களுக்கான கல் நினைவுச் சின்னங்கள் வரிசையாக நிற்கின்றன. காற்றில் கொடிகள் படபடக்கும். மூச்சு வாங்க அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சில கற்களில் பெயர்ப் பலகை பளிச்சென்று இருந்தது, படிக்க முடிந்தது. சிலவற்றில் வெறும் கல்லடுக்கு மட்டும்தான். கூட வந்த சுமைதூக்கிப் பையன் அப்படி ஒரு கல்லடுக்கின் முன் நின்று தொப்பியைக் கழற்றினான். யார் என்று கேட்டேன். ஊர்க்காரர் என்று மட்டும் சொன்னான்.

அதனால் கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். அதிகச் செலவு இல்லாதது. முன்பு ஒரு சமயம் சிகரம் தொட்ட ஷெர்பாக்களுக்கே சான்றிதழ் தராமல் நிறுத்தி, பிறகு விதியைத் திருத்திக்கொண்டீர்கள். இன்னும் ஓர் அடி எடுத்து வையுங்கள். பணம் கட்டி ஏறியவருக்கு நீங்கள் தரும் சான்றிதழில், அவர் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், அவரோடு மேலே வந்த ஷெர்பாவின் பெயரையும் ஊரையும் அச்சிடுங்கள். எங்கள் ஊர் வரவேற்பறைகளில் அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும்போது இரண்டு பெயரும் சேர்ந்து தொங்கட்டும். வரும் வசந்தப் பருவத்துச் சான்றிதழ்கள் அச்சுக்குப் போகும் முன்பே இதைச் செய்யலாம்.

மரியாதையுடன்,
நெய்யூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்